பெயரும் போரும்: அமெரிக்க உள்நாட்டுப் போரைச் சொற்களின் வழி அறிதல்

முன்னுரை

1861ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள், தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்த சம்டர் கோட்டையின்மீது பீரங்கிகள் முழங்கின. அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரிந்துசென்ற தென் மாநிலங்களுக்கும் ஒன்றிய அரசுக்கும் இடையே அன்று மூண்ட போர் நான்கு ஆண்டுகள் நீடித்தது. 1865 ஏப்ரல் 9ஆம் நாள் வெர்ஜீனியாவின் அப்பொமேட்டக்ஸ் என்னும் சிற்றூரில் தெற்கின் தளபதி ராபர்ட் லீ, வடக்கின் தளபதி யுலிசிஸ் கிராண்டிடம் சரணடைந்தார். அடுத்த சில வாரங்களில் போர் ஓய்ந்தது. மாண்ட வீரர் ஏறத்தாழ 620,000 பேர் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் கணக்கு. அண்மைக்கால ஆய்வாளர் இதனினும் கூடுதலாகவே மதிப்பிடுகின்றனர். இறந்தோருள் மூன்றில் இரு பங்கினரைக் கொன்றது நோய். அந்நாடு வேறெந்தப் போரிலும் இத்தனை உயிர்களை இழந்ததில்லை.

போர்களைக் கற்பிக்கும்போது நாள், தளபதி, களம் என்னும் வரிசையில் செல்வது நம் வகுப்பறை வழக்கம். அவ்வரிசை தேவையானதே. ஆயினும் உள்நாட்டுப் போருக்கு ஒரு தனித்தன்மை உண்டு. பகைவர் இருவரும் ஒரே மொழியைப் பேசுகின்றனர். ஒரே அரசமைப்பையும் ஒரே வேதநூலையும் சான்றாகக் காட்டுகின்றனர். எனவே எந்தச் சொல்லுக்கு எது பொருள், எதற்கு எந்தப் பெயர் என்பதும் போராட்டத்தின் ஒரு கூறாகிவிடுகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பெயரிடுவோர் யார், பெயரிடப்படுவோர் யார் என்று கேட்டுச் செல்வோமாயின், அதன் மக்களையும் களங்களையும் சமுதாயத்தையும் ஒருங்கே காணலாம். மொழியியலார் நோக்கில் அவ்வழியே இங்குச் செல்வோம்.

போருக்கு எத்தனை பெயர்?

‘உள்நாட்டுப் போர்’ என்னும் தமிழ்த் தொடர், போர் எங்கே நடந்தது என்பதைச் சொல்கிறது. ‘சிவில் வார்’ என்னும் ஆங்கிலத் தொடரின் முற்சொல், குடிமகனைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. போர் யாருக்கிடையே நடந்தது என்பதை அது சொல்கிறது. எதன்பொருட்டு நடந்தது என்பதை இரண்டுமே சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பவே பிற பெயர்கள் எழுந்தன.

வென்ற ஒன்றிய அரசு, 1880 முதல் 1901 வரை 128 தொகுதிகளாக வெளியிட்ட போர் ஆவணங்களுக்குக் ‘கிளர்ச்சிப் போர்’ என்று தலைப்பிட்டது. கிளர்ச்சி என்றால் சட்டப்படியான அரசு ஒன்று. அதை மீறியோர் மற்றொரு தரப்பு. தோற்ற தெற்கிலோ ‘மாநிலங்களுக்கிடையிலான போர்’ என்னும் பெயர் வேரூன்றியது. இப்பெயரில் மீறியோர் எவருமில்லை. நிகரான அரசுகள் இரு அணியாகப் பொருதன என்பதே இதன் பொருள். பிற்காலத்தில் ‘வடக்கின் ஆக்கிரமிப்புப் போர்’ என்று சொன்னோரும் உண்டு. அப்பெயர் குற்றத்தை முழுமையாக மறுபக்கம் மாற்றிவைக்கிறது.

இப்பெயர்களைச் சூட்டியோர் அனைவரும் வெள்ளையர். அடிமைத்தளையிலிருந்தோர் வரலாற்றில் அடையாளமிட்டது போருக்கன்று, ஒரு நாளுக்கு. 1865 ஜூன் 19ஆம் நாள் டெக்சஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் நகரில் விடுதலை ஆணை அறிவிக்கப்பட்டது. ஜூன் என்னும் மாதப் பெயரையும் பத்தொன்பது என்னும் ஆங்கில எண்ணுப்பெயரையும் இணைத்து ‘ஜூன்டீந்த்’ என்று மக்களே ஒரு சொல்லை ஆக்கிக்கொண்டனர். அது 2021ஆம் ஆண்டில் ஒன்றிய அரசின் பொது விடுமுறையாயிற்று.

எழுதப்படாத சொல்

1787இல் வரையப்பட்ட அமெரிக்க அரசமைப்பில் ‘அடிமை’ என்னும் சொல் இல்லை. பொருள் உண்டு, சொல் மட்டும் இல்லை. மக்களவை இடங்களைக் கணக்கிடுகையில் சுதந்திர மக்களோடு ‘பிற ஆள்கள்’ தொகையில் ஐந்தில் மூன்று பங்கு சேர்க்கப்படும் என்றது ஒரு விதி. ‘பணிக்குக் கட்டுப்பட்டவர்’ வேறு மாநிலத்துக்குத் தப்பியோடினால் திரும்ப ஒப்படைக்கப்பட வேண்டும் என்றது மற்றொரு விதி. மனிதரை விலைக்கு விற்கும் முறையை அந்நூல் காத்தது. ஆனால் அதன் பெயரைச் சொல்லக் கூசியது. தெற்கின் உயர்குடியினரும் பேச்சில் ‘வேலையாள்’, ‘எங்கள் தனித்துவ அமைப்பு’ என்றே நயமாகக் குறித்தனர். இலக்கணநூலார் இதனை இடக்கரடக்கல் என்பர். அவையில் சொல்லத்தகாததை மறைத்துச் சொல்லும் அந்த உத்தி, இங்கு ஓர் அநீதிக்குத் திரையாயிற்று.

அத்திரைக்குப் பின்னாலிருந்தோர் சிலரல்லர். 1860ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்குப்படி நாட்டின் மக்கள் ஏறத்தாழ 3 கோடியே 14 இலட்சம்; அவர்களுள் அடிமைகள் ஏறத்தாழ 39 இலட்சத்து 50 ஆயிரம். தென் கரோலினாவிலும் மிசிசிப்பியிலும் சுதந்திர மக்களைவிட அடிமைகளே மிகுதி. அவர்கள் விளைவித்த பருத்தி, நாட்டின் ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கு மேல் இருந்தது.

பிரிவினை வந்தபோது கூச்சம் அகன்றது. தெற்கின் கூட்டரசு 1861இல் இயற்றிய அரசமைப்பு, அடிமைமுறையைப் பெயர் சொல்லியே காத்தது. தாம் பிரிந்துசெல்வதன் காரணங்களை விளக்கி மிசிசிப்பி வெளியிட்ட அறிக்கை, அடிமைமுறையோடு தன் நிலை பிணைந்திருப்பதைத் தொடக்கத்திலேயே அறிவித்தது. கூட்டரசின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், 1861 மார்ச் 21ஆம் நாள் சவான்னா நகரில் ஆற்றிய உரையில், இனங்கள் நிகரல்ல என்பதே தம் புதிய அரசின் மூலைக்கல் என்றார். போரில் தோற்றபின் அதே ஸ்டீபன்ஸ் இரு தொகுதிகளாக ஒரு பெருநூல் எழுதினார். அதன் தலைப்பில் இடம்பெற்றது ‘மாநிலங்களுக்கிடையிலான போர்’ என்னும் தொடர். அந்நூலில் மாநில உரிமை முன்னே வந்தது. மூலைக்கல் பின்னே சென்றது. ஒரே மனிதரின் இரு காலச் சொற்களை அருகருகே வைத்துப் படிப்பது, போரின் காரணத்தை அறிய மாணவர்க்குக் கிடைக்கும் நல்ல பாடங்களுள் ஒன்று.

களங்களின் இரட்டைப் பெயர்

இப்போரின் களங்கள் பல, இரண்டு பெயர்களால் வழங்குகின்றன. 1861 ஜூலை 21ஆம் நாள் நடந்த முதற்பெரும் போரை வடக்கினர் ‘புல் ரன்’ என்றனர். தெற்கினர் ‘மனாசஸ்’ என்றனர். 1862 செப்டம்பர் 17ஆம் நாள் ஒரே பகலில் ஏறத்தாழ 23,000 பேர் மாண்டும் காயமுற்றும் காணாமற்போயும் முடிந்த போர், வடக்கினருக்கு ‘அண்டீட்டம்’, தெற்கினருக்கு ‘ஷார்ப்ஸ்பர்க்’. புல் ரன்னும் அண்டீட்டமும் ஓடைகள். மனாசஸும் ஷார்ப்ஸ்பர்க்கும் ஊர்கள். நகர்களிலிருந்து வந்த வடபுல வீரரின் கண்ணில் ஆறும் ஓடையும் பட்டன, சிற்றூர்களிலிருந்து வந்த தென்புல வீரரின் கண்ணில் ஊர் பட்டது என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்வதுண்டு. விதிவிலக்குகள் உள்ளமையால் இதனை முழு விதியாகக் கொள்ள இயலாது.

படைப்பெயர்களிலும் இவ்வேறுபாடு காணப்படும். டென்னசி ஆற்றின் பெயர்கொண்ட படை ஒன்றியத்துக்கு உரியது. டென்னசி மாநிலத்தின் பெயர்கொண்ட படை தெற்குக்கு உரியது. ஆங்கிலத்தில் இவ்விரண்டையும் பிரித்துக்காட்டுவது ஒரு சிறு சுட்டிடைச்சொல் மட்டுமே. ஆற்றால் பெயர்பெற்ற படை எந்த மாநில எல்லையையும் ஏற்பதில்லை. மாநிலத்தால் பெயர்பெற்ற படை தன் மண்ணைக் காப்பதாகச் சொல்லிக்கொள்கிறது. இருதரப்பின் அரசியலும் பெயரிலேயே ஒட்டியிருந்தன.

1863 ஜூலை 1 முதல் 3 வரை நடந்த பெரும்போருக்கு இருதரப்பாரும் ஒரே பெயரை வழங்கினர்: கெட்டிஸ்பர்க். ஏறத்தாழ 51,000 பேர் மாண்டும் காயமுற்றும் பிடிபட்டும் காணாமற்போயும் முடிந்த களம் அது. மறுநாள் ஜூலை 4இல், மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள விக்ஸ்பர்க் நகர் கிராண்டிடம் வீழ்ந்தது. தெற்கு அதன்பின் முன்னிருந்த நிலைக்கு மீளவில்லை.

உயர்திணையா, அஃறிணையா?

1861 மே மாதத்தின் ஓரிரவில், வெர்ஜீனியாவில் ஒன்றியப் படையின் வசமிருந்த மன்ரோ கோட்டைக்கு மூன்று அடிமைகள் தப்பிவந்து புகலிடம் கேட்டனர். பிராங்க் பேக்கர், ஜேம்ஸ் டவுன்சென்ட், ஷெப்பர்ட் மல்லோரி என்பன அவர்கள் பெயர்கள். தெற்கின் பீரங்கி மேடை ஒன்றைக் கட்டும் பணியில் அவர்கள் ஈடுபடுத்தப்பட்டிருந்தனர். மறுநாள் வெள்ளைக்கொடியுடன் வந்த தெற்கின் அதிகாரி, தப்பியோடியோரைத் திருப்பி ஒப்படைக்கும் ஒன்றியச் சட்டத்தின்படி அவர்களைத் தருமாறு கேட்டார்.

கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர் வழக்கறிஞர். வேறு நாடென்று தன்னை அறிவித்துக்கொண்ட வெர்ஜீனியாவுக்கு ஒன்றியச் சட்டம் துணைவராது என்றார். மேலும், இம்மூவரும் உங்கள் உடைமை என்கிறீர்கள்; பகைவர் போருக்குப் பயன்படுத்தும் உடைமையைக் கைப்பற்றுவது போர்மரபு; ஆகவே இவர்கள் ‘கான்ட்ராபேண்ட்’ என்றார். போரில் கைப்பற்றத்தக்க பொருள் என்பது அச்சொல்லின் கருத்து. மனிதரைப் பொருளென்ற வாதத்தைக் கொண்டே பொருளின் உடையவரிடமிருந்து மனிதரை மீட்டார் அவர். செய்தி பரவவே, நூற்றுக்கணக்கில் தொடங்கி ஆயிரக்கணக்கில் மக்கள் அக்கோட்டையை நாடி வந்தனர். சில மாதங்களில் காங்கிரஸ் அவையின் சட்டமும் இம்முறையை ஏற்றது.

தமிழ் பயில்வோர்க்கு இந்நிகழ்ச்சி ஓர் இலக்கணச் சிக்கலை நினைவூட்டும். மக்களை உயர்திணை என்றும் பிறவற்றை அஃறிணை என்றும் பகுத்த தொல்காப்பியர், கிளவியாக்கத்தில் ஒரு சொற்பட்டியலைத் தருகிறார். பொருளால் உயர்திணையாயினும் முடிபால் அஃறிணை போல் நடக்கும் சொற்கள் அவை. அப்பட்டியலில் ‘அடிமை’ உண்டு. உடனே ‘அரசு’, ‘குழவி’ ஆகியவையும் அங்கு உண்டு என்பதைச் சேர்த்துச் சொல்லவேண்டும். இது சொல்லின் இயல்பு பற்றிய விதி. ஆளை இழித்தது அன்று. அமெரிக்கத் தென்மாநிலச் சட்டம் செய்ததோ முற்றிலும் வேறு. அது சொல்லை விட்டுவிட்டு ஆளையே அஃறிணையாக்கிற்று. பட்லரின் சொல் அவர்களை உடையவரிடமிருந்து பிரித்தது, உயர்திணையாக்கவில்லை. முகாம்களில் வாழ்ந்த அம்மக்களைச் செய்தித்தாள்கள் போர் முடியும்வரை ‘கான்ட்ராபேண்டுகள்’ என்றே எழுதின.

திணைமாற்றத்தை நிகழ்த்தியோர் அம்மக்களே. அவர்கள் வந்துகொண்டே இருந்தமையால், அவர்களை என்ன செய்வது என்னும் கேள்வியை ஒன்றிய அரசு தட்டிக்கழிக்க இயலவில்லை. 1863 ஜனவரி 1ஆம் நாள் அதிபர் ஆபிரகாம் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடப்புக்கு வந்தது. கிளர்ச்சியிலிருந்த பகுதிகளுக்கே அது பொருந்தும். ஒன்றியத்திலேயே தங்கிவிட்ட அடிமை மாநிலங்களை அது தொடவில்லை. ஆயினும் கறுப்பினத்தவர் படையில் சேர அது வழிவகுத்தது. ஏறத்தாழ 179,000 பேர் தரைப்படையில் சேர்ந்தனர்.

‘வீரர்’ என்னும் பெயர் கிடைத்த பின்னும் கூலியில் வேறுபாடு தொடர்ந்தது. வெள்ளை வீரருக்கு மாதம் 13 டாலர்; கறுப்பின வீரருக்கு 10 டாலர், அதிலும் உடைக்காக 3 டாலர் கழிவு. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் 54ஆம் படைப்பிரிவினர் வேறுபட்ட கூலியைப் பெற மறுத்துவிட்டனர். ஊதியம் பெறாமலேயே 1863 ஜூலை 18ஆம் நாள் வாக்னர் கோட்டையின்மீது பாய்ந்து பலர் மாண்டனர். 1864 ஜூனில்தான் காங்கிரஸ் நிகர்க்கூலிக்கு இசைந்தது.

ஏழைகளும் பெண்களும்

வெள்ளையரின் நிலையும் ஒருபடித்தாய் இல்லை. தெற்கில் அடிமைகளை வைத்திருந்த வெள்ளைக் குடும்பங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒன்றே. அங்கு 1862இல் வந்த சட்டம், இருபதோ அதற்கு மேலோ அடிமைகளைக் கொண்ட பண்ணைக்கு ஒரு வெள்ளையரைக் கட்டாயப் படைச்சேவையிலிருந்து விலக்கியது. வடக்கில் 300 டாலர் செலுத்தினோர் அச்சேவையிலிருந்து தப்பலாம். போர் செல்வருடையது, சண்டை ஏழையுடையது என்னும் கருத்து இருபுறமும் பழமொழிபோல் வழங்கியதில் வியப்பில்லை. 1863 ஏப்ரலில் தெற்கின் தலைநகரான ரிச்மண்டில் பெண்கள் உணவு கேட்டுத் தெருவில் இறங்கிக் கடைகளை உடைத்தனர். அதே ஆண்டு ஜூலையில் நியூயார்க்கில் கட்டாய ஆட்சேர்ப்பை எதிர்த்து எழுந்த கூட்டம், தன் சினத்தைக் கறுப்பினத்தவர்மேல் திருப்பி, அவர்தம் ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்தையும் எரித்தது. செல்வர்மேல் கொண்ட சினம் தம்மினும் எளியவர்மேல் பாய்வதற்கு இது கொடிய சான்று.

கடிதமும் எழுத்துக்கூட்டலும்

இப்போரின் வெள்ளை வீரருள் பெரும்பாலார் எழுதப் படிக்கத் தெரிந்தவர். அவர்களின் கடிதங்களைத் தணிக்கை செய்வோரும் இல்லை. ஆகவே எண்ணற்ற கடிதங்கள் எஞ்சியுள்ளன. குறைந்த பள்ளிக்கல்வி பெற்றோர் செவிவழி ஒலியையே எழுத்தாக்கினர். அப்பிழைகள் மொழியியலார்க்குப் புதையல். 160 ஆண்டுகளுக்கு முந்திய வட்டார ஒலிப்பை அவை காட்டுகின்றன.

அடிமைகளுக்கு எழுத்தறிவித்தலைத் தென்மாநிலங்கள் பல தடைசெய்திருந்தன. ஆதலால் அவர்களின் சொந்தக் கடிதங்கள் மிகக் குறைவு. 1936 முதல் 1938 வரை ஒன்றிய அரசின் எழுத்தாளர் திட்டத்தினர், அன்று உயிருடனிருந்த முன்னாள் அடிமைகள் 2,000க்கும் மேற்பட்டோரைக் கண்டு நினைவுகளைப் பதிந்தனர். இவை அரிய ஆவணங்கள். ஆயினும் எழுதிய கைகள் பெரும்பாலும் வெள்ளையருடையவை. ‘வாஸ்’ என்னும் ஆங்கிலத் துணைவினையை எல்லாரும் ஏறத்தாழ ஒருபோலவே ஒலிக்கின்றனர். எனினும் கறுப்பினத்தவர் சொல்லியபோது மட்டும் அதன் எழுத்துக்கூட்டலை மாற்றி எழுதியோர் உண்டு. ஒலியில் இல்லாத வேறுபாட்டை எழுத்தில் படைத்து, பேசியவரைப் பேதையாகக் காட்டும் வழக்கம் இது. நம் கதைகளிலும் தோட்டத் தொழிலாளியின் பேச்சைக் கொச்சையாகவும் மேலாளரின் பேச்சைச் செந்தமிழாகவும் எழுதும் இடங்களை ஆசிரியர்கள் சுட்டிக்காட்டலாம்.

நம் நீரிணைக்கு வந்த பெயர்ச்சிக்கல்

பெயர் பற்றிய பிணக்கு அமெரிக்க மண்ணோடு நிற்கவில்லை. தெற்கின் போர்க்கப்பல் ஒன்று 1863 டிசம்பர் 21ஆம் நாள் சிங்கப்பூருக்கு வந்து நிலக்கரி ஏற்றிக்கொண்டது. இங்கிலாந்தின் பிர்கன்ஹெட் தளத்தில் 290 என்னும் எண்ணால் கட்டப்பட்டு, ‘என்ரிகா’ என்னும் பெயரில் கடலிறங்கி, பிறகு ‘அலபாமா’ எனப் பெயர்மாறிய கப்பல் அது. நடுநிலை நாட்டில் போர்க்கப்பல் கட்டும் செயலை மறைக்கவே அம்முதற்பெயர்.

டிசம்பர் 24இல் சிங்கப்பூரை விட்டு மலாக்கா நீரிணையில் சென்ற அலபாமா, மோல்மீனிலிருந்து அரிசி ஏற்றிவந்த ‘மார்ட்டபான்’ என்னும் கப்பலை மறித்தது. அதில் பிரிட்டிஷ் கொடி பறந்தது. ஆனால் அண்மைவரை அது ‘டெக்சன் ஸ்டார்’ என்னும் அமெரிக்கக் கப்பல். பெயர்மாற்றம் போலியானது என முடிவுகட்டிய கப்பல் தலைவர் ரஃபேல் செம்ஸ், அதற்குத் தீயிட்டார். பெயர்மாற்றிப் பிறந்த கப்பல், பெயர்மாற்றித் தப்ப முயன்ற கப்பலை எரித்தது.

ஒருமையும் பன்மையும்

1863 நவம்பர் 19ஆம் நாள் கெட்டிஸ்பர்க் கல்லறைத் திறப்பில் முதலில் பேசிய எட்வர்டு எவரெட் இரண்டு மணி நேரம் உரையாற்றினார். அவருக்குப்பின் பேசிய லிங்கனின் உரை ஏறத்தாழ 270 சொற்களே. அதில் வடக்கு, தெற்கு என்னும் சொற்கள் இல்லை. ‘ஒன்றியம்’ என்னும் சொல்லும் இல்லை. ‘நாடு’ எனப் பொருள்படும் சொல் ஐந்து முறை வருகிறது. நாட்டின் பிறப்பை அவர் 87 ஆண்டுகள் பின்னோக்கிக் கணக்கிட்டார். அது அரசமைப்பு வரையப்பட்ட 1787 அன்று. எல்லாரும் நிகரெனப் படைக்கப்பட்டனர் என்று அறிவித்த 1776. சொல்லை மறைத்த ஆவணத்தை விட்டு, நிகர்மையைச் சொன்ன ஆவணத்தில் அவர் நாட்டின் வேரை வைத்தார்.

போருக்குமுன் நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் பன்மை முடிபு கொண்டது, போர் முடிந்ததும் ஒருமையாயிற்று என்று பலர் சொல்வர். கவர்ச்சியான கூற்று, மொழி அவ்வளவு விரைந்து மாறுவதில்லை. 1865 டிசம்பரில் நிறைவேறி, அடிமைமுறையைப் பெயர் சொல்லி ஒழித்த 13ஆம் திருத்தமே நாட்டைப் பன்மைச் சுட்டால்தான் குறிக்கிறது. ஒருமை வழக்கு நிலைபெறப் பல பத்தாண்டுகள் ஆயின. தமிழில் ‘அமெரிக்க ஐக்கிய நாடு’, ‘அமெரிக்க ஐக்கிய நாடுகள்’ என இரண்டும் இன்றும் வழங்குகின்றன.

முடிவுரை

மொழியில் ஒருமை மெல்ல வந்தது. சமுதாயத்தில் இன்னும் மெல்ல வந்தது. 13ஆம் திருத்தம் சொல்லக் கூசிய சொல்லைச் சொல்லி அழித்தது. ஆனால் விடுதலை பெற்றோரின் வாக்குரிமையைத் தென்மாநிலங்கள் பின்னர் வேறு பெயர்களில் பறித்தன. தேர்வு என்றனர், வரி என்றனர். இனம் என்னும் சொல் அச்சட்டங்களில் வெளிப்படையாக இராது. 1787இன் இடக்கரடக்கல் மீண்டும் வந்தது. அதனை எதிர்த்து 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வர ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

ஆகவே, எந்நாட்டின் உள்நாட்டுப் போரைப் பயிலும்போதும் மாணவர் மூன்று வினாக்களைக் கைக்கொள்வது நலம். இப்போருக்கு இப்பெயரை இட்டவர் யார்? ஆவணம் எந்தச் சொல்லைத் தவிர்க்கிறது? பெயரிடப்பட்டவர் தம்மை என்னவென்று அழைத்துக்கொண்டனர்? முதல் வினாவுக்கு நூலகத்தில் விடை எளிதில் கிடைக்கும். இரண்டாவதற்குக் கூர்ந்து படித்தல் வேண்டும். மூன்றாவதற்கே மிகுதியாகத் தேடவேண்டும். ஏனெனில் அவர்கள் எழுதாவண்ணம் தடுக்கப்பட்டிருந்தனர். மன்ரோ கோட்டைக்கு வந்த மூவரைப் பல நூல்கள் ‘மூன்று கான்ட்ராபேண்டுகள்’ என்று குறித்துக் கடந்துசெல்லும். பேக்கர், டவுன்சென்ட், மல்லோரி என்று பெயர் சொல்லிக் கற்பிக்கும் வகுப்பறை, வரலாற்றோடு திணை இலக்கணத்தையும் சேர்த்தே கற்பிக்கிறது.